மல்லிகைக்கு எந்த எழுத்து

லிஃப்டில் நான் ஒட்டியிருந்த அறிவிப்பை எதிர் ஃபிளாட்டுப் பெண்மணி தரைத்தளத்திலிருந்து மூன்றாம் மாடிவரை பார்த்துக்கொண்டே வந்தார். கதவு திறந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க சார், இது நீங்க அடிச்சதுங்களா?"

"ஆமாம். ஏன்?"

"வார்த்தையெல்லாம் ப்ளீஸ் ப்ளீஸ்னு கெஞ்சுதுங்க. எழுத்து மட்டும் கையை ஓங்கிட்டு நிக்குது."

வராந்தாவில் ஈரத்துணி காயப்போடக் கூடாது என்பதுதான் அறிவிப்பு. பர் துபாயில், கோயில் சந்துக்குப் பின்னால் இருந்த அந்தப் பழைய கட்டடத்தில், குடியிருப்போர் குழுவுக்கு நான் செயலாளர். வேறு யாரும் அந்தப் பதவியைக் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கி, தடிப்பாக்கி, போதாதென்று அடிக்கோடும் போட்டிருந்தேன். மறுநாள் காலையில் அதே இடத்தில் அதே வாசகம் வேறோர் எழுத்தில் ஒட்டப்பட்டிருந்தது. உருண்டையாக, லேசாகச் சாய்ந்து, பக்கத்து வீட்டில் தயிர் கேட்க வந்தவள் நிலைப்படியில் நிற்பதைப் போன்ற எழுத்து. இரண்டு நாளில் துணிகள் மறைந்தன. தற்செயல் என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் துணியும் அதில் இருந்தது.

நான் ஒரு கட்டுமான நிறுவனத்தில் ஆவணப் பொறுப்பாளனாக இருபத்தேழு வருடம் வேலை பார்த்தேன். உள்ளே வரும் கடிதத்துக்கு ஓர் எண், வெளியே போகும் கடிதத்துக்கு ஓர் எண், இரண்டுக்கும் தனித்தனிப் பதிவேடு. தேதி உண்டா, கையெழுத்து உண்டா, ஸ்டாம்ப் உண்டா என்று பார்ப்பேன். அந்த ஊரில் ஸ்டாம்ப் இல்லாத காகிதம் காகிதமே இல்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவன் தரும் சீட்டில்கூட நீல வட்டம் இருக்கும். இத்தனை காகிதம் பார்த்த என் கண்ணுக்கு எழுத்தென்று ஒன்று தனியாகத் தெரிந்ததே இல்லை. வாசகம் தெரியும். எழுத்து, கண்ணாடிக் கதவு மாதிரி. இருக்கிறதென்று முட்டிக்கொண்டால்தான் தெரியும்.

எதிர் ஃபிளாட்டுப் பெண்மணிக்குச் சொந்த ஊர் ஈரோட்டுப் பக்கம். கணவர் இன்னொரு கட்டுமான நிறுவனத்தில் எஸ்டிமேட் போடுகிறவர். பேச்சையும் எஸ்டிமேட் போட்டே செலவழிப்பார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் கணவர் ஆபீசுக்கும் போன பிறகு, அவர் சமையலறையில் மெழுகு உருக்குவார். கண்ணாடி டம்ளர்களில் வாசனை மெழுகுவர்த்தி செய்வது அவருடைய கைவேலை. மல்லிகை, ஏலக்காய், எலுமிச்சை, அரபிகள் புகை போடும் அகில்கட்டையான ஊது என்று நான்கு வாசனை. எங்கள் வராந்தாவில் மற்ற வீடுகளிலிருந்து மீன் குழம்பு வாசனை வந்தால், அவர் வீட்டுக் கதவிடுக்கிலிருந்து மல்லிகை வரும். இரண்டும் லிஃப்ட் அருகே சந்தித்துக்கொள்ளும்.

மெழுகு ஊற்றுவது ஒரு மணி நேர வேலை. டம்ளரில் ஒட்டும் சீட்டுக்கு எழுத்துத் தேடுவது மூன்று வாரம். ஒரு கணினிக் கடையில் ஆயிரக்கணக்கான ஃபாண்டுகள் அடங்கிய சிடி ஒன்று வாங்கி வைத்திருந்தார். அதை அவர், சிலர் ஜாதகக் கட்டைப் புரட்டுவதுபோலப் புரட்டிக்கொண்டிருப்பார். பொருத்தம் பார்க்கிற வேலையும் அதுதான்.

"ஏலக்காய்க்குக் கொழுத்த எழுத்து ஆகாதுங்க சார். அது சின்னதா இருந்துட்டுப் பாத்திரம் பூரா மணக்கிற சாமான். எலுமிச்சைக்கு முனை கூரா இருக்கோணும். ஊதுக்கு மட்டும் கனமா, கொஞ்சம் மெத்தனமா."

"எல்லாவற்றையும் ஒரே எழுத்தில் போட்டால் என்ன? ஒரே கம்பெனிச் சரக்கு என்று தெரியுமே."

"அதுக்குத்தானுங்க அடியில ஒரு வரி எல்லாத்துலயும் ஒரே மாதிரி சாதாரண எழுத்துல வருது. பேரு மட்டும்தான் சிங்காரிக்கோணும். கல்யாண மண்டபத்துல எல்லாருமே பொண்ணாட்ட ஜோடிச்சுட்டு வந்தா, மாப்பிள்ளை யாரைப் பாப்பாரு?"

அவர் தேர்வு செய்யும் முறையை நான் ஒரு நாள் பார்த்தேன். ஒரே பெயரைப் பன்னிரண்டு எழுத்துகளில் அச்சிட்டு, பன்னிரண்டு டம்ளர்களில் ஒட்டி, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்தார். என் மனைவியை அடுக்களையிலிருந்து கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார். அவள் நாலாவதைத் தொட்டுவிட்டு ஏழாவது அழகாக இருக்கிறது என்றாள். அவர் நாலாவதை எடுத்து வைத்துக்கொண்டார்.

"அக்கா, கை போனதுதான் கணக்கு. வாய் அப்புறம் நல்லவளா ஆயிடும்."

டம்ளர் வளைவானது, அகலமான எழுத்தைப் போட்டால் பெயரின் தலையும் காலும் இரண்டு பக்கமும் திரும்பிக்கொள்ளும், நடுவயிறு மட்டும் தெரியும். மெல்லிய கோடுள்ள எழுத்தை அந்தச் சொரசொரப்பான தாளில் அடித்தால் மை பரவி மீசை முளைக்கும். கையளவு தூரத்தில் படிக்க முடியாதது கடையில் படிக்கப்படாது. இதெல்லாம் அவர் எந்த வகுப்பிலும் படித்ததல்ல. ஒட்டிப் பார்த்து, உரித்து, மறுபடி ஒட்டிக் கற்றது. உரித்த சீட்டுகள் எங்கள் வீட்டு மேசைக்கடியில் வெகுநாள் ஒட்டிக்கொண்டிருந்தன.

அச்சடிப்பதற்கு டைப்பிங் சென்டருக்குப் போவார். விசா, தொழிலாளர் அட்டை என்று எந்த அரசாங்கப் படிவமானாலும் அரபியில் அடித்துக் கொடுக்கிற கடைகள் அவை. எங்கள் தெருமுனைக் கடையில் ஒரு மலையாளி உட்கார்ந்திருந்தார். எனக்கு அங்கே அன்றாட வேலை இருந்ததால் பல தடவை அவரோடு வரிசையில் நின்றிருக்கிறேன்.

"சேச்சி, இது பன்னிரண்டும் ஒரே ஜாஸ்மின் தன்னே," என்றார் மலையாளி. "பின்னாடி ஆளு நிக்குது. சாரே, நிங்ஙள் பறயணும்."

நான் முதலாவதைக் காட்டினேன். தெளிவாக இருந்தது. எதிர் ஃபிளாட்டுப் பெண்மணி அதை ஏற்காமல் எனக்குப் பின்னால் திரும்பி, கட்டடத் தொழிலாளர் போடும் கவர்-ஆல் சட்டையோடு விசாப் படிவத்துக்காகக் காத்திருந்த ஒருவரிடம் தாளை நீட்டினார். அந்த ஆளின் பேச்சில் அரியலூர்ப் பக்கம் தெரிந்தது.

"அண்ணா, மல்லிகப்பூவுக்கு இதுல எதுங்க?"

அவர் தாளை வாங்குமுன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "நமக்கு இங்கிலீசு தெரியாதும்மா."

"தெரியாட்டிதாங்க நல்லது."

வெகு நேரம் பார்த்தார். "இந்தா, இது. காம்பு தெரியற மாதிரி இருக்கு. கட்டாத பூவு."

அவர் விரல் வைத்தது ஒன்பதாவது. முதல் எழுத்தின் வால் நீண்டு, கீழே ஒரு வளைவு வளைந்து முடிந்திருக்கும். மல்லிகையின் எழுத்து அதுவானது. ஒரு லேபிளையாவது தமிழில் 'மல்லிகை' என்றே அடித்துப் பார்க்கலாமா என்று அவர் மலையாளியிடம் கேட்டார். அந்தக் கணினி எழுத்துக்குப் பதில் வெறும் சதுரக் கட்டங்களைக் காட்டியது. "தமிழ் மாஃபி, சேச்சி," என்றார் மலையாளி. இல்லை என்பதற்கு அந்த ஊரில் எல்லா மொழிக்காரர்களும் சொல்லும் சொல் அது. அவர் அந்தச் சதுரங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நம்ம எழுத்துக்கு யாரும் நல்ல துணி தைக்கலையாட்டங்குது," என்றார்.

ஒரு பெரிய ஓட்டலின் கீழ்த்தளத்தில் அன்பளிப்புப் பொருள் கடை வைத்திருந்த கோவாக்காரப் பெண்மணி, பள்ளிக்கூடக் கண்காட்சியில் அந்த மல்லிகை டம்ளரைப் பார்த்துவிட்டுத் தம்முடைய அட்டையைக் கொடுத்தார். நவம்பர் முடிவதற்குள் நாற்பது கொண்டுவாருங்கள், நன்றாக இருந்தால் இந்த சீசன் முழுக்க ஓர் அலமாரித் தட்டு உங்களுக்கு என்றார். வருடத்துக்கு ஒருமுறைதான் அவர் சரக்கு முடிவு செய்வார். விட்டால் அடுத்த வருடம். அன்று மாலை எதிர் ஃபிளாட்டுப் பெண்மணி எங்கள் வீட்டுக்கு வந்து நின்ற நிலை எனக்கு நினைவிருக்கிறது. உட்காரவில்லை.

"சார், என் பாஸ்போர்ட்ல விசாப் பக்கத்துல என்ன போட்டிருக்கும்னு உங்களுக்குத் தெரியுமுங்க."

தெரியும். ஹவுஸ் ஒய்ஃப், வேலை செய்ய அனுமதி இல்லை. அந்தக் கட்டடத்தில் முக்கால்வாசிப் பெண்களின் பக்கத்தில் அதுதான்.

"பதினோரு வருசமா எங்கே போனாலும் மிசஸ் இன்னாருதானுங்க. அந்தத் தட்டு மட்டும் எனக்கு. நீங்கதான் சட்டப்படி எப்படீன்னு சொல்லோணும்."

சொன்னேன். கடைக்காரியின் உரிமத்தின் கீழேயே விற்பனை நடக்கும்படி ஒரு வழி செய்து கொடுத்தேன். அந்த விவகாரத்தில் நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

நிறுத்தவில்லை. அவருடைய கோப்பைப் பூரணமாக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. மல்லிகைக்குப் போட்ட அந்த ஃபாண்டின் கூடவே சிடியில் ஒரு சிறு குறிப்புக் கோப்பு இருந்தது. உலகத்தில் யாரும் அதைத் திறப்பதில்லை, நான் திறந்தேன். சொந்த உபயோகத்துக்கு இலவசம், விற்கிற பொருளில் போடுவதானால் ஒரு வார்த்தை என்னிடம் கேளுங்கள் என்று எழுதி, எழுத்தை வரைந்தவர் ஓர் அஞ்சல் முகவரி கொடுத்திருந்தார். எங்கோ வடக்கே, குளிர்க் கடலோரத்துச் சிறு ஊர்.

நான் அதைப் படித்துக் காட்டியபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு, சொல்வதற்கென்ன, சந்தோஷமாகத்தான் இருந்தது. தவறைக் கண்டுபிடிப்பவனின் சந்தோஷம்.

"கேக்காம எடுத்துட்டனுங்களா? ஐயோ, இத்தனை நாளா?"

கடிதத்தை நான் தயாரித்தேன். பொருள், பார்வை எல்லாம் போட்டு. கூடவே ஒரு லேபிள் மாதிரி. அவர் தமிழில் கையெழுத்துப் போட்டார். பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதால் நானும் ஆட்சேபிக்கவில்லை. அங்கே வீட்டுக்குத் தபால் வராது. எல்லாம் கம்பெனியின் தபால் பெட்டிக்குத்தான். கணவருடைய ஆபீசில் எல்லாக் கடிதத்தையும் பிரித்துவிடுவார்கள் என்று, என் ஆபீஸ் பெட்டி எண்ணைக் கொடுத்தார்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. கோடு போட்ட நோட்டுத் தாளில், நடுங்குகிற கையால், ஆங்கிலத்தில் அந்த எழுத்தை வரைந்தவர் எழுதியது இது: நான் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தவன், இப்போது ஓய்வு. என் எழுத்து ஒரு பூவின் பெயரைச் சுமப்பது சந்தோஷம், தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள், முடிந்தால் எனக்கு ஒன்று அனுப்புங்கள், முகர்ந்து பார்க்கிறேன். அவ்வளவுதான். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் வாங்கித் திருப்பிப் பார்த்தேன்.

"தேதி இல்லை. லெட்டர் ஹெட் இல்லை. ஸ்டாம்ப் இல்லை."

"கையெழுத்து இருக்குங்களே."

"இது கடிதம்மா. அனுமதி இல்லை. நாளைக்கு யாராவது கேட்டால் எதைக் காட்டுவீர்கள்?"

"யாருங்க கேக்கப் போறாங்க?" என்றாள் என் மனைவி. "அவரு அங்க ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்காரு. இவ இங்க மெழுகு காய்ச்சறா. நடுவுல நீங்க என்ன இமிக்ரேஷனா?"

மனைவிமார்கள் முறைகளை அறியமாட்டார்கள் என்பது அன்று என் கருத்து. இரண்டாவது கடிதம் தயாரித்தேன். பொருளின் பெயர், எண்ணிக்கை, தேதி, கையெழுத்து, முத்திரையுடன் கூடிய முறையான அனுமதி வேண்டும் என்று. அவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"பாவமுங்க சார். கை நடுங்கி எழுதியிருக்காரு. குடுத்தேன்னு சொன்னவருகிட்ட மறுக்கா குடுன்னு கேக்கோணுங்களா?"

"கேட்கத்தான் வேண்டும்."

"அந்த மெழுகுவர்த்தியாவது இப்ப அனுப்பிரலாமுங்களா?"

"அனுமதிக்கு முன்னால் பொருள் போனால் அது லஞ்சம்."

கையெழுத்துப் போட்டார். எனக்குத் தெரியும் என்று நம்பினார். அவர் குணம் அதுதான்: ஒன்றுக்கு எது பொருந்தும் என்பதில் உலகத்தையே எதிர்ப்பார், எது சரி என்று யாராவது அழுத்திச் சொன்னால் அப்படியே ஏற்றுக்கொள்வார்.

நவம்பர் போய்க்கொண்டிருந்தது. பதில் வரவில்லை. தினமும் மாலையில் கதவைத் திறந்து என் கையைப் பார்ப்பார், வாயால் கேட்கமாட்டார். வேறு எழுத்துகளைப் போட்டுப் பார்த்தார். எதிலும் அந்தக் காம்பு இல்லை. கடைசி வாரத்தில் நானே ஒரு யோசனை சொன்னேன். கணினியோடு வந்த சாதாரண எழுத்து இருக்கிறதே, நான் சுற்றறிக்கை அடிப்பது, அதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அவர் நாற்பது டம்ளரிலும் அதை ஒட்டினார். ஒட்டி முடித்துவிட்டு அவற்றைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்.

கடைக்கு நான்தான் காரில் கூட்டிப்போனேன். கோவாக்காரப் பெண்மணி ஒரு டம்ளரை எடுத்து, திருப்பி, மறுபடி திருப்பினார்.

"இது என்ன, லேபுக்கு அனுப்புகிற மாதிரியா?" என்றார். பிறகு அவரைப் பார்த்து மெதுவாக, "நான் பார்த்தது இதில்லையே. அந்த வால் வைத்த எழுத்து எங்கே?"

நான் விளக்கினேன். குறிப்புக் கோப்பு, முதல் கடிதம், அதன் குறைபாடுகள், இரண்டாவது கடிதம். அந்தப் பெண்மணி கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"அவர்தான் சரி என்று எழுதிவிட்டாரே?"

"முறைப்படி இல்லை."

"யாருடைய முறை?"

நாற்பது டம்ளர்களும் காரின் பின்னிருக்கையில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு திரும்பி வந்தன. வழியில் அவர் ஒன்றே ஒன்று சொன்னார். "அவங்க மேல தப்பில்லீங்க. நானா இருந்தாலும் கையை நீட்டியிருக்க மாட்டேன்." என் மேல் தப்பு என்று அவர் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் நான் வாதாடியிருப்பேன். வாதாடியிருந்தால் மறந்தும் இருப்பேன்.

அடுத்த சீசன் வரும் என்று சொல்லித் தேற்றினேன். அந்தக் குளிர்காலத்தில்தான் ஊர் முழுக்க கிரேன்கள் ஒவ்வொன்றாக நின்றன. கட்டாத கட்டடத்துக்கு யாரும் எஸ்டிமேட் போடச் சொல்வதில்லை. அவர் கணவருக்கு வேலை போயிற்று. விசா ரத்தானால் முப்பது நாளில் குடும்பத்தோடு வெளியேற வேண்டும். படிவங்களை நான் நிரப்பினேன், ஒரு பிழை இல்லாமல். ஒரே நாளில் முடிந்தது.

புறப்படும் அன்று காலையில் ஒரு சிறு பெட்டியை என்னிடம் கொடுத்தார். உள்ளே ஒரு மல்லிகை டம்ளர், வால் வைத்த எழுத்தோடு.

"அவருகிட்ட இருந்து கடுதாசி வந்தா இதை அனுப்பிருங்க சார். எழுத்தைப் பாத்துப் பயப்படாதீங்க. விக்கிறதுக்குத்தானே கேக்கோணும். இது குடுக்கறதுங்க."

கடிதம் அவர்கள் போய் ஆறு வாரம் கழித்து வந்தது. கனத்த உறை. பதிவேட்டில் எண் போட்டேன். அதன் பிறகு பிரித்தேன்.

தேதி இருந்தது. பொருள், எண்ணிக்கை, கையெழுத்து எல்லாம் நான் கேட்ட வரிசையிலேயே இருந்தன. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டிருந்தார். வாழ்நாளில் எனக்கு முத்திரை ஒன்று தேவைப்பட்டதில்லை, அதனால் என்னிடம் இருக்கவில்லை. நீங்கள் கேட்டதால் ஒன்று செதுக்க வேண்டியிருந்தது, கை இப்போது முன்போல இல்லை, இரண்டு தடவை பிசகி, மூன்றாவதில் வந்தது. அடியில் அந்த வட்ட முத்திரை. சுற்றிலும் அவருடைய வால் வைத்த எழுத்தில் 'அனுமதி' என்று ஆங்கிலத்தில். நடுவில், என் கண்ணையே நம்ப முடியவில்லை, தமிழ். கடிதத்தின் கீழிருந்த கையெழுத்தைப் படம்போலப் பார்த்து எதிர் ஃபிளாட்டுப் பெண்மணியின் பெயரைச் செதுக்கியிருந்தார். ஒரு தமிழ் எழுத்தும் தெரியாத மனிதர். மூன்றாவது எழுத்தின் கொம்பு நீண்டு கீழே இறங்கி, பூவின் காம்புபோல ஒரு வளைவு வளைந்து நின்றது. அந்தப் பெயருக்கு என்றே தைத்த துணி.

மெழுகுவர்த்தியை அன்றே தபாலில் சேர்த்தேன். என் உத்தியோக வாழ்க்கையில் கவரிங் லெட்டர் இல்லாமல் அனுப்பிய ஒரே உருப்படி அது. என்ன எழுதுவது?

கடிதத்தை ஈரோட்டுக்கு அனுப்பவில்லை. முகவரி இல்லாமல் இல்லை. அவர்கள் படிவங்களை நிரப்பியவன் நான், பின்கோடு வரை தெரியும். இதைப் பார்த்தால் அவருக்கு சந்தோஷம் வரும், அடுத்த நொடியே முதல் கடிதம் நினைவுக்கு வரும், அதுவே போதுமாயிருந்தது என்று புரியும். அந்த அடுத்த நொடிக்குப் பயந்தேன். "அனுப்பினீங்களா?" என்று மனைவி இரண்டு முறை கேட்டாள். பார்க்கலாம் என்றேன். ஆபீசில் கோப்புகளைக் கொல்ல நாங்கள் பயன்படுத்தும் சொல் அது.

ஓய்வு பெற்றுத் திருச்சிக்கு வந்து வருடங்களாகிவிட்டன. கடிதம் என் இரும்பு அலமாரியில், கிழியாமல், மஞ்சளாகாமல், உரிய உறையில் இருக்கிறது. பத்திரப்படுத்துவதில் எனக்குக் குறை சொல்ல முடியாது.

இவ்வளவு எழுதியும் அவர் பெயரை நான் ஓரிடத்திலும் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மறைக்க வேண்டும் என்றில்லை. இந்தப் பக்கங்களை அச்சுக்கோக்கிறவர்கள் எல்லாருக்கும் போடும் சாதாரண எழுத்தில்தான் அதையும் போடுவார்கள். அவருடைய மல்லிகையை ஒருமுறை அந்த எழுத்தில் ஒட்டவைத்தவன் நான். இன்னொரு முறை வேண்டாம்.